பாலத்துத் தூசி

என் கணவருக்குப் பாலத்தில் வேலை கிடைத்தபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடங்கள் ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் சமையலுக்கு நின்றவர். கொரோனாக் காலத்தில் பூட்டிய அந்த உணவகம் பிறகு திறக்கவேயில்லை. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். வேலை தேடிக்கொடுக்கும் அலுவலகம் சந்திக்க வரச்சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு டெர்மினுக்கும் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போவார். போன மாதிரியே திரும்பி வருவார். இந்த வயதில் இனி யார் எடுக்கப்போகிறார்கள் என்று அவரே சொல்லத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் பழைய சிநேகிதர் ஒருவர் மூலம் இந்த வேலை வந்தது.

எங்கள் நகரத்தை ரைன் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நாங்கள் இருப்பது வலதுகரையில். ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம், மகள் படித்த பள்ளிக்கூடம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் எல்லாம் இடதுகரையில். நடுவில் பச்சை நிறம் பூசிய அந்தத் தொங்குபாலம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஆற்றுக்குள் போய், பிறகு அதே தூண்களில் திரும்பவும் கட்டப்பட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ட்ராமில் அதைக் கடக்கும்போது இவர் ஒருமுறை சொன்னார், எங்கட சண்டை முடிஞ்சாலும் எங்களுக்கு ஆரும் இப்பிடிக் கட்டித் தரமாட்டாங்கள் என்று. மற்றபடி அந்தப் பாலத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. தினமும் கடக்கும் ஒன்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பாலத்துக்கு வயதாகிவிட்டது, இரும்பு கறள் பிடித்துவிட்டது, முழுவதையும் சுரண்டித் திருத்தி மறுபடி வர்ணம் பூச வேண்டும் என்று நகரசபை முடிவெடுத்தது. வேலையைப் பெரிய நிறுவனம் ஒன்று எடுத்தது. அதில் ஒரு பகுதியைச் சின்ன நிறுவனம் ஒன்றுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்தச் சின்ன நிறுவனம்தான் இவரை எடுத்தது. பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளைக் கூடாரத்தால் மூடிவிடுவார்கள். உள்ளே நின்று குழாயால் மணலைப் பீய்ச்சி அடித்துப் பழைய வர்ணத்தைக் கழற்ற வேண்டும். மேலே பச்சை, அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே இரும்போடு ஒட்டிச் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. அது கழலும்போது சிவப்புப் புகை மாதிரி எழும்பும் என்று சொல்லுவார்.

முதல் மாதம் அவருக்கு நல்ல சந்தோஷம். குசினிக்குள் நின்றவருக்கு ஆற்றுக்கு மேலே நிற்பது புதிது. நான் ட்ராமில் வேலைக்குப் போகும்போது அந்த வெள்ளைக் கூடாரத்தைப் பார்ப்பேன். இதற்குள்தான் நிற்கிறார் என்று நினைப்பேன். பக்கத்தில் இருக்கும் பெண்மணியிடம் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றவும் குளிக்கவும் ஒரு கொள்கலன் அறை இருந்தது. இரண்டாம் மாதம் அதன் தண்ணீர்க் குழாய் உடைந்தது. நாளைக்குத் திருத்துவோம், அடுத்த கிழமை திருத்துவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அதுவரைக்கும் உடுப்பை வீட்டில் தோய்த்துக்கொண்டு வாருங்கள் என்றார். இவர் வேலை உடுப்போடேயே வீட்டுக்கு வரத் தொடங்கினார். கதவடியில் சப்பாத்தைக் கழற்றுவார். உடுப்பை நான் வாங்கிப் பல்கனிக்குக் கொண்டுபோய், கம்பியில் அடித்து உதறுவேன். உதறாமல் மெசினுக்குள் போட்டால் மெசின் பழுதாகிவிடும் என்பது என் கவலை. பொடியைப் போல ஒரு தூசி பறந்து கண்ணாடியிலும் உடுப்புக் காயப்போடும் கொடியிலும் படியும். அதைத் துணியால் துடைப்பேன்.

நான் அந்த முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே அழுக்குத் துணி வருகிற கதவு வேறு, சுத்தமான துணி போகிற கதவு வேறு. கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டோம். தொற்று உள்ளவர்களின் துணி கட்டிய பையோடேயே மெசினுக்குள் போகும். ஒரு துணியையும் உதறக்கூடாது என்பது எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி. பதினாறு வருடமாக அதைக் கடைப்பிடித்தவள் நான். வீட்டில் என் கணவரின் உடுப்பை வெறுங்கையால் உதறினேன். அது அழுக்கு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தின் கடைசியில் மகள் எங்களிடம் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எங்களுக்கு ஒரே பிள்ளை. நாலு மாதக் கர்ப்பம். மருமகனுக்கு ஸ்டுட்கார்ட்டில் புதிய வேலை. அங்கே வீடு கிடைக்கும்வரை அவர் ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தார், இவள் எங்களோடு. அவளுடைய உடுப்பையும் நான்தான் தோய்த்தேன். தண்ணீர் மிச்சம் பிடிப்பதற்காகச் சில நாட்களில் எல்லோருடையதையும் ஒன்றாகப் போட்டேன்.

குளிர்காலம் தொடங்கியபோது இவருக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் உறைப்பைக் குறைத்தேன். பிறகு பால் தேத்தண்ணியை நிறுத்தினேன். வலி வரும்போது சோபாவில் முழங்காலை மடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். குடும்ப வைத்தியர் புளிப்புக் குறைய ஒரு குளிசை எழுதித் தந்தார். இந்த வயதில் பாரமான வேலை, மன அழுத்தம் என்றார். எங்கே வேலை, என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வலியைவிடப் பயமாக இருந்தது அவருடைய குணம் மாறியதுதான். சத்தமாகப் பேசாத மனிதர். இப்போது சாப்பாட்டு மேசையில் உப்பு இல்லை என்பதற்குச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். ட்ராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார். நடக்கும்போது கால் தடுமாறியது. ஒருநாள் மகள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அவளைப் பார்த்துக் கத்தினார், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைப் பார்த்து. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் இவர் குடித்தவர். அகதி முகாமில், வேலை செய்ய அனுமதியில்லாமல், ஊரில் இருந்து வரும் செய்திகளைக் கேட்டுக்கொண்டு குடித்தார். மகள் பிறந்த அன்று விட்டவர், அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் எனக்கு அந்த நாட்கள் மறக்கவில்லை. கோபம், மறதி, தடுமாற்றம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அவருடைய பையைத் தேடினேன். ஜக்கெட்டை முகர்ந்து பார்த்தேன். குளியலறை அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நன்றாக ஒளிக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை நேராகவே கேட்டேன்.

“திரும்பத் தொடங்கிட்டீங்கள், என்ன?”

“என்னத்தை?”

“எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ.”

“நான் குடிக்கேல்லை. நீர் நம்பினால் நம்பும்” என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார்.

நான் நம்பவில்லை. மகளிடம், அப்பா திரும்பக் குடிக்கிறார், அவருக்குக் கிட்ட நிற்காதே என்று சொன்னேன். அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் படுக்கையைக் கூடத்தில் போட்டுவிட்டேன். இதெல்லாம் ஆறேழு கிழமை நடந்தது. அந்த ஆறேழு கிழமையும் நான் அவருடைய உடுப்பை உதறித் தோய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் நான் வேலையில் நிற்கும்போது தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. இவரோடு வேலை செய்யும் போலந்துக்காரர். அரைகுறை ஜெர்மனில், உன் கணவரைக் கூட்டிக்கொண்டு போக வா என்றார். விபத்தா என்று கேட்டேன். இல்லை, கை, என்றார். அன்று ட்ராம் பாலத்தில் ஓடவில்லை, தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள். நடைபாதையால் நடந்தேன். காற்று முகத்தில் அடித்தது. கூடாரத்துக்குள் இருந்து வரும் சத்தத்தில் காலடியில் பாலம் அதிர்ந்தது. அப்போதும் நான் நினைத்துக்கொண்டு போனது, குடித்துவிட்டு வேலைக்கு வந்து பிடிபட்டுவிட்டார், இனி இந்த வேலையும் போச்சு என்பதுதான்.

கொள்கலன் அறையில் ஒரு கதிரையில் இருந்தார். வலது கை மேசையில் கிடந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. தூக்கச் சொன்னேன். முழங்கை எழும்பியது, கை எழும்பவில்லை. பீய்ச்சுகிற குழாய் கையில் இருந்து நழுவி விழுந்ததாம். நல்ல காலம், வேறு யாருக்கும் படவில்லை. மேற்பார்வையாளர் வாசலில் நின்று, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கட்டும், இது நரம்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

போலந்துக்காரர் எங்களோடு பாலத்தின் அந்தம்வரை வந்தார். இவரைக் கொஞ்சம் முன்னால் நடக்கவிட்டு என்னிடம் பேசினார். இவர் குடிக்கிறாரா என்று நான்தான் கேட்டேன். அவர் நின்றுவிட்டார். குடிப்பதா, மத்தியானத்தில் தண்ணீர்கூட இறங்குவதில்லை அவருக்கு, என்றார். எங்கள் எல்லோருக்கும் வயிற்றுவலி இருக்கிறது. முகமூடியின் வடிகட்டியை மாற்றித் தருவதில்லை. நான் நத்தார் விடுமுறைக்குப் போலந்துக்குப் போனபோது அங்கே இரத்தம் சோதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ, ஒரு சொல்லை மட்டும் சொல்லு, என்றார். அந்தச் சொல் பிளை, அந்தச் செங்கல் நிறப் பூச்சில் கலந்திருப்பது. ஈயம்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அப்பாவோடு பேசாமல் இருந்தவள் அவருடைய கையைப் பார்த்ததும் பக்கத்தில் போய் இருந்தாள். பிளை என்ற சொல்லை அவள்தான் வைத்தியரிடம் சொன்னாள். இளம் பெண் வைத்தியர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி இவருடைய பல்முரசைப் பார்த்தார். பல்லின் அடியில் சாம்பல் நீலத்தில் ஒரு கோடு இருந்தது. அதை நான் தினமும் பார்த்திருக்க வேண்டும். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

இரத்தச் சோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது. அந்த வைத்தியரும் இன்னொரு மூத்த வைத்தியரும் கட்டிலடியில் நின்றார்கள். அளவு மிகவும் கூட, மருந்து ஏற்ற வேண்டும், இனி அந்த வேலைக்குப் போகவே கூடாது என்றார்கள். பிறகு மூத்தவர் மகளின் வயிற்றைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அந்த ஜெர்மன் விளங்கியது. என்றாலும் மகள் என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, அப்பான்ர வேலை உடுப்பை எங்கை தோய்க்கிறது எண்டு கேக்கினம்.”

“வீட்டிலதான்.”

“ஆர் தோய்க்கிறது?”

அவளுக்குத் தெரியும். அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நான் பதில் சொல்லும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“நான்தான்” என்றேன்.

இவர் கட்டிலில் இருந்து எழும்ப முயற்சி செய்தார். “அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் கொண்டு வந்தனான். எழுதச் சொல்லு, நான்தான் கொண்டு வந்தனான்” என்றார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் இருவருடைய இரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. மகளுக்கும் இருந்தது. என்னுடையதைவிட அவளுடையது குறைவு. ஆனால் பிள்ளை சுமக்கிறவளுக்கு அவ்வளவும் இருக்கக்கூடாது என்றார்கள். இவருக்கு ஏற்றிய மருந்தை அவளுக்குக் கொடுக்க ஏலாது. எங்கள் வீட்டைவிட்டு விலக வேண்டும், பாலும் தயிரும் இரும்புச்சத்துக் குளிசையும் எடுக்க வேண்டும், பொறுத்திருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அந்த வைத்தியர் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது என்றார்.

மருமகன் அன்றே காரில் வந்து அவளை ஸ்டுட்கார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அந்தச் சின்ன அறைக்கு. அவள் வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்த அவளுடைய உடுப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவுமில்லை. பிள்ளைக்கென்று வாங்கி வைத்த சின்னச் சட்டைகளையும் விட்டுவிட்டுப் போனாள். பிறகு முழு வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட சுகாதார அலுவலக ஆட்கள் வந்து எங்கள் வீட்டைச் சோதித்தார்கள். தரைவிரிப்பு, சோபா, திரைச்சீலை, மெத்தை எல்லாம் பையில் கட்டி இறக்கினார்கள். பல்கனியை ஒட்டுப்பட்டியால் மூடி முத்திரை ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா கதவைத் திறந்து பார்த்தார். அடுத்த நாளில் இருந்து மாடிப்படியில் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. என்ன நினைத்தாரோ தெரியாது.

இவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று வெறும் கூடத்தில் இரண்டு கதிரையில் இருந்தோம். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“குடிக்கிறீங்கள் எண்டு சொல்லிப் பிள்ளையையும் உங்களோடை கதைக்க விடாமல் பண்ணிப்போட்டன்.”

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார்.

“எனக்கே அப்பிடித்தான் இருந்தது” என்றார். “வெறிக்காரன் மாதிரித்தான் இருந்தனான். குடிக்காமல் இப்பிடி வருமோ எண்டு நானும் யோசிச்சனான். நீர் என்னண்டு நம்புறது?”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பேத்தி ஆறு கிழமை முந்திப் பிறந்தாள். மருமகன்தான் அழைத்துச் சொன்னார். மகள் எங்களை வரச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தோம். மெலிந்த கால்கள், நிறையத் தலைமயிர், இவருடைய நெற்றி. இவர் தூக்கவில்லை. கை விட்டுவிடும் என்று பயம். அதைவிடத் தன் கை அந்தப் பிள்ளையில் படுவதற்குப் பயம். எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

தொழிலால் வந்த நோய் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தொழில் காப்புறுதிக்கு ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டோம். அந்தச் சின்ன நிறுவனம், முகமூடி கொடுத்தோம், விளக்கம் சொன்னோம், இதோ கையெழுத்து என்று ஒரு தாளைக் காட்டியது. கையெழுத்து இவருடையதுதான். முதல் நாள் காலை ஒரு கட்டுத் தாளில் வைத்தவற்றில் அதுவும் ஒன்று. குளிக்கும் அறை ஒருநாளும் பழுதாகவில்லை என்றும் எழுதினார்கள். அவரோடு வேலை செய்த நாலைந்து பேரிடம் சாட்சி கேட்டுப் போனேன். இருவர் தமிழர், அவர்களுடைய வீட்டுக்கே போனேன். அக்கா, எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கு, விசா இருக்கு, எங்களை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரத்தத்தையாவது சோதியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாட்சி எழுதித் தந்தவர் அந்தப் போலந்துக்காரர்தான். அதற்குள் அவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். தன் மொழியில் இரண்டு பக்கம் எழுதி, உடைந்த குழாயைக் கைபேசியில் எடுத்த படங்களோடு அனுப்பினார். அவை இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு வருடம் இழுத்து முடிவில் ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் வந்தபோது அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தது. கடிதத்தில் இவருடைய பெயர் மட்டும் இருந்தது. மகளையோ பிள்ளையையோ பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் அங்கே வேலை செய்தவர்கள் இல்லையே.

ஈயம் எலும்புக்குள் போய் இருந்துவிடும் என்று வைத்தியர் சொன்னார். இரத்தத்தில் குறைந்தாலும் எலும்பில் வருடக்கணக்கில் கிடக்கும். இவருடைய கை பாதி திரும்பி வந்தது. கரண்டி பிடிப்பார், பொத்தான் போட ஏலாது. ஒரு வசனத்தின் நடுவில் சொல் வராமல் நின்றுவிடுவார். ஜெர்மன் சொற்கள் முதலில் போயின. இப்போது சில வேளை தமிழும் நிற்கிறது. நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன், காத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும்.

பாலத்தின் வேலை முடிந்து திறந்தபோது ஒரு விழா வைத்தார்கள். வாகனங்களை நிறுத்திவிட்டு ஆட்களை நடக்கவிட்டார்கள். வாத்தியம் வாசித்தார்கள், சொசேஜ் சுட்டு விற்றார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவரை சத்தம் கேட்டது. இவர் யன்னலைச் சாத்தவுமில்லை, போவோம் என்று சொல்லவுமில்லை. அடுத்த திங்கட்கிழமை சோதனைக்காக ட்ராமில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலம் புதிதாகப் பளபளத்தது. முன்னால் இருந்த ஒருவர் தன் மனைவியிடம், எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் பார் என்றார். இவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஓம், வடிவாத்தான் செய்திருக்கு” என்று என்னிடம் சொன்னார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே பார்த்துச் சொன்னார்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. பிந்தித்தான் நடந்தாள். சொற்கள் ஏழெட்டுத்தான், அதில் தமிழ் இரண்டு. காது நன்றாகக் கேட்கிறது, சிரிக்கிறாள், ஆளை விளங்குகிறாள். கிழமையில் இரண்டு தரம் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். முந்திப் பிறந்ததால் இப்படியா, வேறு ஏதாலுமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

போன வைகாசியில் மகள் எங்களை முதல் தரம் தானாக வரச் சொன்னாள். ஸ்டுட்கார்ட்டில் இப்போது நல்ல வீடு. நாங்கள் போனபோது குசினி மேசையில் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பேத்திக்குத் தனி உதவியோடு ஒரு பாலர் பள்ளியில் இடம் கேட்கும் அன்ட்ராக். பிள்ளையின் தாமதத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். தெரியாது என்று எழுதினாள்.

“அம்மா, நீங்கள் அதையே யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ” என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூடத்தில் இவர் தரையில் இருந்தார். பேத்தி அவருடைய வலது கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள், அது விழுந்தது. அவளுக்கு அது விளையாட்டு. திரும்பத் தூக்கினாள், திரும்ப விழுந்தது, சிரித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகள் படிவத்தை மடித்து உறையில் வைத்து ஒட்டிவிட்டு, சோறு போடட்டுமா என்று கேட்டாள்.